ரீசெட் அழுத்தும் முன் மேலே பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் நான்கு மாடிக் கட்டடத்தில் இயங்கும் ஒரு துணிக்கடையின் மேலாளர் நான். தரைத்தளமும் முதல் மாடியும் விற்பனைப் பகுதி. இரண்டாவது மாடி குடோன். மூன்றாவது மாடியில் அலுவலகமும் தையல் பிரிவும். நான்காவது மாடியில் தகரக் கூரை போட்ட மெஸ், அதை ஒட்டி பணியாளர்கள் இருபது பேர் தங்கும் அறைகள். ஃபயர் அலாரம் 2011-இல் பொருத்தியது. மொத்தம் 64 ஸ்மோக் டிடெக்டர்கள். நான்கைந்து மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை காரணமே இல்லாமல் அடிக்கிறது. பேனலில் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) 'ஸோன் 3', 'ஸோன் 5' என்று பகுதி மட்டும்தான் காட்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருநாள் அடித்து, ஜனங்கள் படிக்கட்டில் முண்டியடித்து இறங்கியதில் வயதான அம்மா ஒருவர் விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. அன்றே முதலாளி ஹூட்டர் (அலாரச் சத்தம் எழுப்பும் கருவி) ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருப்பவர் "64-ஐயும் மாற்றினால்தான் சரியாகும்" என்கிறார். முதலாளியோ "தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுதான் கையில் இருக்கிறதே, மெஸ்ஸிலும் குடோனிலும் இருப்பதைக் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விடு" என்கிறார். யார் சொல்வது சரி? நாங்களே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு என்ன?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படிக்கும் நாளிலேயே, கடை மூடுவதற்குள், ஹூட்டர் ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். எல்லா மாடிக்கும் உடனே முடியாவிட்டால் நான்காவது மாடிக்காவது மாட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது பொய் அலாரம் அல்ல. இருபது பேர் ஒரு துணிக் குடோனுக்கு மேலே தூங்குகிறார்கள், அவர்களை எழுப்ப வேண்டிய மணி மூன்று மாதமாகவோ என்னவோ ஊமையாகக் கிடக்கிறது என்பதுதான்.

பருத்தித் துணி எரியும் விதம் உங்களுக்குத் தெரியும். கட்டுக்கட்டாக அடுக்கிய துணிக்குள் ஒரு பொறி விழுந்தால் உடனே குப்பென்று எரியாது. உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மணிக்கணக்கில் கனலும். அந்த நேரமெல்லாம் புகையும் கார்பன் மோனாக்சைடும் படிக்கட்டு வழியாக மேலே போய்க்கொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவருக்குப் புகை நாற்றம் அடித்தாலும் அது அவரை எழுப்பும் என்று நம்ப முடியாது. சத்தம்தான் எழுப்ப வேண்டும். 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் கொல்கத்தாவின் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது அடித்தளத்தில். ஏறத்தாழ தொண்ணூறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் மேல் மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள். தீ அவர்களை நெருங்கவே இல்லை; புகைதான் போய்ச் சேர்ந்தது. நம் ஊரிலும் பாருங்கள். 2017 மே 31 அதிகாலையில் சென்னை தி.நகரில் ஒரு துணிக்கடையின் அடித்தளத்தில் தொடங்கிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. மேல்மாடி கேன்டீனில் இருந்த பணியாளர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டதால் பிழைத்தார்கள். உங்கள் கட்டடத்தின் அமைப்பும் கிட்டத்தட்ட அதுவே: கீழே துணி, மேலே மனிதர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலாளி சொல்வது தவறு. ஏ.எம்.சி.காரர் சொல்வது பாதி சரியாக இருக்கலாம், ஆனால் அவர் அந்த முடிவுக்கு வந்த வழி தவறு. எந்த டிடெக்டர், எந்த நேரத்தில், எதனால் அடித்தது என்று தெரியாமல் 64-ஐயும் மாற்றினால், புதியதும் பழைய இடத்திலேயே தொங்கும். நாலே மாதத்தில் அதுவும் அடிக்கும். அப்போது உங்கள் முதலாளி மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

உங்களுடையது ஸோன் மட்டும் காட்டும் பழைய வகை பேனல். ஒரு ஸோனில் பத்து, பதினைந்து டிடெக்டர்கள் வரிசையாக ஒரே ஒயரில் இருக்கும். அதில் எது அடித்தது என்று பேனலுக்குத் தெரியாது. ஆனால் அந்த டிடெக்டருக்குத் தெரியும். அடித்த டிடெக்டரின் முகத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு, பேனலில் ரீசெட் அழுத்தும் வரை விடாமல் எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் வாட்ச்மேன் என்ன செய்வார் என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். அலாரம் அடித்ததும் ஓடிப்போய் முதலில் ரீசெட் அழுத்துவார். விளக்கு அணைந்துவிடும். பிறகு மேலே போய்ப் பார்த்தால் எல்லா டிடெக்டரும் ஒன்றுபோல இருக்கும். "ஒண்ணுமில்ல சார், சும்மா அடிச்சுது" என்பார். அவர் மேல் குற்றமில்லை; அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்து மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'காரணமே இல்லாமல் அடிக்கிறது' என்று என்னை அழைத்த இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பழக்கத்தால்தான் காரணம் அழிந்துபோயிருந்தது.

அதனால் இன்றிலிருந்து ஒரு விதி வையுங்கள். சத்தத்தை நிறுத்த 'சைலன்ஸ்' பொத்தான் தனியாக இருக்கிறது. அது விளக்கை அணைக்காது. சைலன்ஸ் அழுத்திவிட்டு, அந்த ஸோன் முழுக்க நடந்து, சிவப்பு எரியும் டிடெக்டரைக் கண்டுபிடித்து, சுற்றிலும் பார்த்து, அதன் பிறகே ரீசெட். பேனலுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, நேரம், எந்த டிடெக்டர், அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான்கு விவரம் எழுதினால் போதும். டிடெக்டர்களுக்கு எண் இல்லையென்றால் மார்க்கரால் பேஸில் (டிடெக்டரைத் திருகி மாட்டும் அடித்தட்டு) எண் எழுதுங்கள், தளவாரியாக ஒரு படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாத நோட்டைப் பார்த்தால், அடிப்பது 64-உம் அல்ல, ஐந்தோ ஆறோதான் என்று தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்தாறு எவையாக இருக்கும் என்று ஊகிப்பதற்கு முன், டிடெக்டர் புகையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காலையில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் வெயில் கீற்றில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கீற்று இல்லாத இடத்திலும் அதே தூசி இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒளி வகை டிடெக்டருக்குள் நடப்பது அதேதான். இருட்டான ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அது நேராக விழாதபடி சாய்வாக ஓர் ஒளியுணரி. புகைத் துகள் உள்ளே வந்ததும் ஒளி சிதறி உணரியின் மேல் படும், அலாரம் அடிக்கும். ஆனால் அந்த உணரிக்குப் புகைக்கும் நீராவிக்கும் வித்தியாசம் தெரியாது. பஞ்சுத் தூசியும் சாம்பிராணியும் கொசு மருந்துப் புகையும் அதற்கு ஒன்றே. உள்ளே ஒரு குட்டிச் சிலந்தி வலை பின்னினாலும் ஒளி சிதறத்தான் செய்யும்.

இனி உங்கள் கட்டடத்துக்குள் வருவோம். தரைத்தளத்தில் கல்லாவுக்குப் பின்னால் சாமி படம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடுவீர்கள். நோட்டில் 'வெள்ளி, மாலை ஆறே கால்' என்று இரண்டு முறை வந்தால் அந்த இடம்தான். சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அந்த டிடெக்டரைத் தள்ளி மாற்றலாம், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் இருவகை டிடெக்டர் போடலாம். காலை கடை திறந்து ஏ.சி. போட்டதும் அடிக்கிறது என்றால் டிடெக்டர் ஏ.சி. காற்று வரும் கிரில்லுக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். ராத்திரி முழுக்கக் குழாயில் படிந்த தூசியை முதல் காற்று அதன் முகத்தில் வீசும். வேறொரு பாதகமும் உண்டு: உண்மையான புகை வரும்போது அதே காற்று புகையை டிடெக்டரிடம் நெருங்கவிடாமல் தள்ளிவிடும். காற்று வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், சுவரிலிருந்து அரை மீட்டர்.

தையல் பிரிவில் பஞ்சுத் தூசி, இஸ்திரிப் பெட்டியின் ஆவி. இதைச் சுத்தம் செய்துதான் சமாளிக்க வேண்டும். கீழே அதைப் பற்றிச் சொல்கிறேன்.

குடோன்தான் உங்கள் கட்டடத்தின் இதயம். அங்கே இருப்பதைக் கழற்றச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. கழற்றக் கூடாது, இருப்பது போதுமா என்றே பாருங்கள். சமதளக் கூரையில் எந்த மூலையிலிருந்தும் அருகிலுள்ள ஸ்மோக் டிடெக்டர் 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 2011-இல் பொருத்தியவர் காலி ஹாலைப் பார்த்து அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் ரேக் அடித்திருப்பீர்கள். சரக்கு கூடக்கூட ரேக் உயர்ந்திருக்கும். ரேக்கோ அதன் மேல் அடுக்கிய பெட்டியோ சீலிங்கை 300 மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிட்டால், அதைச் சுவர் என்றே கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே ஹாலாக இருந்தது இப்போது ஏழெட்டுச் சந்துகள். சில சந்துகளில் டிடெக்டரே இருக்காது. மேல் தட்டுப் பெட்டிகளை இறக்கி இடைவெளி விடுங்கள், முடியாத இடத்தில் கூடுதல் டிடெக்டர் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருக்கும் தளங்களில் சீலிங் பலகை ஒன்றைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே உள்ள வெற்றிடம் 800 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் என்றால் அதற்குள்ளும் டிடெக்டர் வேண்டும். அதன் விளக்கு கீழே தெரியும்படி ஒரு சின்ன இண்டிகேட்டரை சீலிங்கில் பொருத்தியிருக்க வேண்டும். பல கட்டடங்களில் மாதக்கணக்கில் தேடப்படும் 'காரணமில்லாத' அலாரம் அந்த இருட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

குடோனில் பொய் அலாரம் என்றால் பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். எறும்பு, குட்டிச் சிலந்தி. டிடெக்டரைக் கழற்றினால் பேஸுக்குள் பல்லி முட்டை இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒயர் வரும் துளையை மூடாமல் விட்டிருப்பார்கள். அந்த வழியாகத்தான் எல்லாம் வரும். துளையை அடைத்துவிட்டாலே பாதி தீர்ந்துவிடும். பூச்சி மருந்தை நேராக டிடெக்டர் மேல் அடித்துவிடாதீர்கள். மருந்தின் எண்ணெய் உள்ளே படிந்து அதையே கெடுத்துவிடும்.

மெஸ் விஷயத்தில் முதலாளியின் எரிச்சல் நியாயம்தான். சமையல் நடக்கும் இடத்தில் ஸ்மோக் டிடெக்டர் போட்டதே தவறு. விடியற்காலை இட்லிப் பானையைத் திறந்தால் அடிக்கும், தாளித்தால் அடிக்கும். அதற்காகக் கழற்றி வெறும் பேஸாக விடக் கூடாது. அந்த இடத்தில் ஹீட் டிடெக்டர் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. வெப்பம் வேகமாக ஏறினால் அடிப்பது ஒன்று. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டால் அடிப்பது இன்னொன்று. பெரிய அடுப்பு மூட்டியதும் வெப்பம் சட்டென்று ஏறும், அதனால் சமையலறைக்கு இரண்டாவது வகை. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று ஒரு மத்தியானம் தெர்மாமீட்டர் தொங்கவிட்டுப் பார்த்து, அதற்குத் தாராளமாக மேலே இருக்கும் அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஹீட் டிடெக்டர் காக்கும் பரப்பு குறைவு: 7.5-க்குப் பதிலாக 5.3 மீட்டர். சிலிண்டர் கசிவை இவை எதுவும் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி கேஸ் டிடெக்டர் வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரைக்கு அருகில் வைக்க வேண்டும். மெஸ்ஸுக்கும் தூங்கும் அறைக்கும் நடுவில் உள்ள வழியில் ஸ்மோக் டிடெக்டர் கட்டாயம் இருக்க வேண்டும். நடுவில் கதவு இல்லையென்றால் ஒரு கதவு போடுங்கள். பொய் அலாரமும் குறையும், தூங்குகிறவர்களுக்கும் பாதுகாப்பு.

தகரக் கூரையில் இன்னொரு சிக்கல். பகலில் தகரத்தை ஒட்டி ஒரு சூடான காற்று அடுக்கு நிற்கும். சின்னத் தீயின் புகை அவ்வளவு சூடாக இருக்காது. மேலே ஏறி வந்து அந்த அடுக்குக்குக் கீழேயே பரவி நின்றுவிடும். தகரத்தோடு ஒட்டிப் பொருத்திய டிடெக்டருக்குப் புகை போய்ச் சேராது. அதனால் அங்கே கொஞ்சம் கீழிறக்கித் தொங்கவிட வேண்டும். 600 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம்.

கழற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. உங்கள் வகை பேனலில் ஒரு டிடெக்டரைத் திருகிக் கழற்றினால் அந்த ஒயர் வரிசை அங்கேயே அறுந்துவிடும், பேனலில் 'ஃபால்ட்' விளக்கு எரியும், அதற்குப் பின்னால் இருப்பவை வேலை செய்யாமல் போகும். ஃபால்ட் விளக்கை அணைக்கச் சிலர் பேஸுக்குள் ஒரு துண்டு ஒயரை வைத்து இணைத்துவிடுவார்கள். பேனல் பச்சையாகச் சிரிக்கும். சீலிங்கில் டிடெக்டர் இருக்காது. உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே அப்படி ஏதாவது இருக்கிறதா என்று 64-ஐயும் எண்ணிப் பாருங்கள். தடையில்லாச் சான்று தீயணைப்புத் துறை பார்த்துச் சென்ற ஏற்பாட்டுக்குக் கொடுத்தது. அந்த ஏற்பாட்டைப் பாதியாக்கிவிட்டு அதே சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைப்பது, நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலாளியைத்தான் முதலில் மாட்டிவிடும். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இனி 64-ஐயும் மாற்றுவது. 2011 என்றால் நல்ல வயதாகிவிட்டது. பொதுவாகப் பத்து ஆண்டு என்பது ஒரு டிடெக்டர் நம்பகமாக உழைக்கும் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். பஞ்சுத் தூசியும் வெப்பமும் உள்ள இடத்தில் அதைவிடக் குறைவு. ஒருவேளை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை முடிவு செய்ய அளவீடு வேண்டும். டிடெக்டரின் உணர்திறன் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்க முடியும். 'ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து, எண்வாரியாக எழுதிக் கொடுங்கள்' என்று ஏ.எம்.சி.காரரிடம் கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் அவர் சொல்வதை நம்பலாம். மழுப்பினால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் குடோன், நான்காவது மாடி, படிக்கட்டு ஆகியவற்றை இந்த ஆண்டே மாற்றி, மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிடெக்டரும் தனக்கென எண் வைத்துப் பேனலில் பேசும் அட்ரஸபிள் வகைக்கு மாற வசதி இருந்தால் மாறுங்கள். எழுத்தில் 'குடோன், வடக்குச் சந்து' என்றே வரும். தூசி சேரச் சேர 'என்னைச் சுத்தம் செய்' என்று முன்கூட்டியே சொல்லும் வசதியும் பலவற்றில் உண்டு. எதை வாங்கினாலும் ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தர விதிமுறைப்படி வடிவமைத்துத் தரச் சொல்லி, அதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கழற்றும்போது ஒவ்வொன்றின் பின்புறத்தையும் பாருங்கள். பழைய டிடெக்டர்களில் அயனி வகை என்று ஒன்று உண்டு. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் உள்ளே இருக்கும். மூன்று இதழ் போட்ட கதிரியக்கச் சின்னம் அச்சிட்டிருப்பார்கள். சீலிங்கில் இருக்கும் வரை அதனால் ஆபத்தில்லை. ஆனால் உடைக்கக் கூடாது, காயலான் கடைக்குப் போடக் கூடாது. இதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுப்படுத்துகிறது; விற்றவர் அல்லது தயாரிப்பாளர் மூலமாகத்தான் திருப்பி ஒப்படைக்க வேண்டும். தவிர, கனன்று புகையும் பருத்திக்கு அயனி வகையைவிட ஒளி வகையே சீக்கிரம் எழும். அதனால் குடோனில் அந்த வகை இருந்தால் மாற்றுவதை அங்கிருந்தே தொடங்குங்கள்.

நீங்களே செய்யக்கூடிய பராமரிப்பில் முதல் வேலை தினமும் பேனலைப் பார்ப்பது. கடை திறந்ததும் நீங்களோ வாட்ச்மேனோ அதன் முன்னால் நின்று, பச்சை மட்டும் எரிகிறதா, மஞ்சள் விளக்கு ஏதாவது எரிகிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சள் என்றால் ஏதோ கோளாறு, அல்லது யாரோ எதையோ துண்டித்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை, கடை திறக்கும் முன் ஒரே நேரத்தில், சுவரில் உள்ள, கையால் அழுத்தி அலாரம் அடிக்கும் சிவப்புப் பெட்டி ஒன்றைச் சோதனைச் சாவி போட்டுச் சோதியுங்கள். வாராவாரம் வேறு வேறு பெட்டி. எல்லாருக்கும் ஹூட்டர் சத்தம் பழகும், அதோடு ஒவ்வொரு பெட்டியும் முறைவைத்துச் சோதனையாகிவிடும்.

டிடெக்டரைச் சுத்தம் செய்ய மென்மையான பிரஷ் வைத்த வேக்குவம் கிளீனர் போதும். வெளித் துளைகளில் சுற்றிவர உறிஞ்ச வேண்டும். தையல் பிரிவிலும் குடோனிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்ற இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஈரத்துணி வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், உள்ளே திறக்க வேண்டாம். உள் அறையைத் திறந்து துடைப்பது பயிற்சி உள்ளவர் வேலை. ஊதவே ஊதாதீர்கள், ஊதினால் வெளியே உள்ள தூசி உள்ளே போகும். சுத்தம் செய்வதற்கு முன் அந்த ஸோனைப் பேனலில் நிறுத்தி வைத்து, முடிந்ததும் திரும்ப இயக்க வேண்டும். யார் நிறுத்தினாரோ அவரே இயக்கிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளையடிக்கும்போதும் தச்சு வேலை நடக்கும்போதும் டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடி போடுவார்கள். போட வேண்டியதுதான். எடுக்க மறந்துவிடுவார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விடுதியில் ஆய்வுக்குப் போனேன். கட்டி முடித்துத் திறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது, எல்லா அறையிலும் ஆட்கள். ஒரு மாடி முழுக்கப் பதினொரு டிடெக்டர்களில் மூடி அப்படியே இருந்தது. பேனல் பச்சையாகத்தான் இருந்தது, மாதாமாதம் சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் 'நல்ல நிலை' என்று கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு மூடியாகக் கழற்றிப் பையில் போட்டபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து மூடிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏ.எம்.சி.காரர் வரும்போது கூடவே நடந்து போங்கள். அவர் காந்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது மின்சுற்றைத்தான் சோதிக்கும். புகை உள்ளே போகும் வழி அடைத்திருந்தாலும் தேறிவிடும். ஊதுபத்தி காட்டினால் தடுங்கள். அதன் பிசின் உள்ளே படிந்து, அடுத்த மாதப் பொய் அலாரத்துக்கு அதுவே காரணமாகும். இதற்கென்றே சோதனைப் புகை ஸ்பிரே இருக்கிறது, நீளக் கழியின் முனையில் கிண்ணம் மாட்டி அடிப்பார்கள். அதைத்தான் கேளுங்கள். ஆண்டுக்குள் 64-உம் ஒருமுறையாவது இப்படிச் சோதனையாகியிருக்க வேண்டும். டிடெக்டர் விளக்கு எரிந்ததோடு சோதனை முடியவில்லை. பேனலில் சரியான ஸோன் வந்ததா, நான்காவது மாடியில் ஹூட்டர் கேட்டதா, ஏ.சி. காற்று நின்றதா, லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நின்றதா என்று கடைசி வரை பார்க்க வேண்டும். லிஃப்டைப் பற்றிக் குறிப்பாகச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்த இரவு, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். உங்கள் லிஃப்டுக்கு அலாரத்தோடு இணைப்பு இல்லையென்றால் லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட்டு இணைக்கச் சொல்லுங்கள்.

பேனலுக்குள் இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். கரண்ட் போனால் ஒரு நாள் முழுக்கத் தாங்கி, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஈரோட்டு வெயிலில், ஏ.சி. இல்லாத படிக்கட்டடியில் பேனல் இருந்தால் பேட்டரி மூன்று ஆண்டு தாங்கினாலே அதிகம். உங்களுடையது எப்போது மாற்றியது என்று மேலே ஸ்டிக்கர் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா விழுந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அது மனதை உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவர் விழக் காரணம் மணி அடித்ததல்ல. அடித்தால் என்ன செய்வது என்று கடையில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. மாடிக்கு இரண்டு பேரை நியமியுங்கள். மணி அடித்ததும் ஒருவர் படிக்கட்டு முகப்பில் நின்று "மெதுவா, இந்தப் பக்கமா வாங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் கடைசி ஆள்வரை அனுப்பிவிட்டு இறங்க வேண்டும். படிக்கட்டில் அட்டைப்பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பகலில், கடை ஆட்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும், முதல் டிடெக்டர் அடித்ததும் பேனல் அறையில் மட்டும் ஒலித்து, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் யாரும் போய்ப் பார்த்து உறுதிசெய்யாவிட்டால் முழுக்கட்டடத்துக்கும் அடிக்கும்படி பல பேனல்களில் அமைக்கலாம். இரண்டாவது டிடெக்டர் அடித்தாலோ யாராவது சிவப்புப் பெட்டியை அழுத்தினாலோ தாமதமே இல்லாமல் உடனே அடிக்க வேண்டும். கடை மூடிய பிறகு இந்தத் தாமதம் கூடவே கூடாது. இதைத் தீயணைப்புத் துறையிடம் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு செய்யுங்கள். முதலாளியின் பயத்துக்கு இதுதான் பதில். ஹூட்டர் ஒயரைக் கழற்றுவது பதில் அல்ல.

ஒயரை மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடை மூடிய ஒரு ராத்திரி, பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நீங்கள் நான்காவது மாடி அறை ஒன்றில் கதவைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் படுங்கள். கீழே இருந்து அலாரம் அடிக்கச் சொல்லுங்கள். தலையணை அருகில் 75 டெசிபல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மீட்டர் இல்லாவிட்டாலும், தூங்கிக்கொண்டிருக்கும் ஆளை எழுப்புமா என்று அங்கே படுத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். எழுப்பாது என்று தோன்றினால் அறைக்கு ஒரு ஹூட்டர் கூடுதலாகப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எவற்றை மாற்றுவது, எவற்றை நகர்த்துவது என்று சேர்ந்து பார்ப்போம்.